பார்க்கப் பார்க்க மங்கிய பச்சை

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், வாடகை வீட்டின் பால்கனியில் ஒரு தக்காளிச் செடி வளர்க்கிறேன். காய்ப்பதில் அதற்குப் பெரிய விருப்பமில்லை. இன்று காலை, சுருண்டுபோன இலை ஒன்றைக் கிள்ளினேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டிய அந்தப் பச்சை வாசனை நேராகச் செல்வியிடம் கொண்டுபோய் விட்டது.

இரண்டாயிரமாவது ஆண்டையொட்டிய காலம். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் செடிகளைத் தாக்கும் வைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். நான் மார்த்தாண்டம் பக்கம். அவள் பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். புகையிலைச் செடியின் இலையில் கரகரப்பான பொடியைத் தூவி, வைரஸ் கலந்த நீரை விரலால் மெல்லத் தேய்க்க வேண்டும். சிகரெட் புகையிலையில் இருக்கும் வேறு வைரஸ் பிடிக்கிறவன் விரல் வழியாகச் செடிக்குத் தொற்றிவிடலாம் என்பதால் தினமும் என் கையை முகர்ந்து பார்ப்பாள்.

"இன்னைக்கும் வலிச்சிட்டா வந்தீங்க சாரே? போயி சோப்பு போட்டு கழுவுங்க."

நான் சாரும் இல்லை, ஒன்றும் இல்லை. சிகரெட்டை விட்டேன். செடிக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். நீங்கள் சிரிக்கலாம்.

வைரஸுக்குக் கால் கிடையாது. பிறகு எப்படி உயிரணுவுக்குள் நகர்ந்து அடுத்த உயிரணுவுக்குப் போகிறது? இதுதான் செல்வியின் ஆராய்ச்சி. உயிரணுவுக்குள் மெல்லிய நூல்கள் ஓடுகின்றன. உள்ளே சரக்குப் போக்குவரத்தெல்லாம் அவற்றின் மேல்தான். வைரஸும் அவற்றைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று அவள் உறுதியாக நம்பினாள்.

"எங்க மலை ரோடு மாதிரிதான். போட்டது எஸ்டேட்டுக்காரன். பஸ்ஸுல தொத்திட்டு யாரு வேணும்னாலும் போலாம்லா."

வைரஸ் அப்படிப் போவதைப் படமெடுத்துக் காட்டினால் உதவித்தொகையை நீட்டிக்கக் கேட்கலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அவள் கிளம்ப வேண்டியதுதான். எஸ்டேட்டில் அப்பாவுக்குக் கூலி நின்றுபோயிருந்தது. அவள் கிளம்பக் கூடாது என்று அவளைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

ஒரு பிற்பகல் இருட்டறையிலிருந்து கூப்பிட்டாள். நுண்ணோக்கியில் குனிந்தேன். கறுப்புக்குள் மங்கலான பச்சை நூல்கள். அவற்றின்மேல் வைரஸின் புரதம், ஒளிரும் புள்ளிகளாக, நின்று நின்று போய்க்கொண்டிருந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது கண்டவர் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கண்ணாடிச் சாமான்கள் கழுவும் லீலா சேச்சிகூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இதினு ஜீவனுண்டோ மோளே?"

"செடிக்கு உண்டு சேச்சி. இது அதுல சவாரி போவுது."

எல்லோரும் பார்த்து முடித்தபின் செல்வி கேமராவில் பிலிம் மாட்டிக் குனிந்தாள். நிமிரவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். கறுப்பு மட்டும்தான் இருந்தது. நுண்ணோக்கி விளக்கின் கீழே பார்க்கப் பார்க்க அந்த ஒளிரும் பச்சை மங்கிவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். சந்தோஷத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

அந்த இலையில் வேறெங்கும் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. புதுச் செடிகள் வளர்ந்து வருவதற்குள் அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. தம்பானூர் பஸ் நிலையத்துக்கு அவளை ஏற்றிவிடப் போனேன்.

"பரவால்ல சாரே. எல்லாரும் பாத்தாச்சுல்லா" என்றாள். நான் சொல்ல நினைத்திருந்ததைச் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

இப்போது அதே மாதிரிப் புள்ளிகள் ஓடுவதை, வேறு யாரோ எடுத்த வீடியோவில், போனிலேயே பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் மங்குவதில்லை. எங்கள் செடிகள் நின்ற கண்ணாடி வீடு கார் நிறுத்துமிடமாகிவிட்டது. லயத்தில் ஆளில்லை என்கிறார்கள். செல்வி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

தக்காளி வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. கழுவச் சொல்ல ஆளில்லை.