அக்கா எழுதாத விடுகதை

பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான். என்னை நம்பி ஒருத்தர் சட்டப்படி அதிகாரம் எழுதிக் கொடுப்பார் என்று ஆமத்தூரில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். என் அக்கா கொடுத்தாள்.

அவள் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டைப் அடித்தாள். அதே பிரஸ்ஸில் நான் லோடு ஏற்றினேன். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் அவள் விடுகதைக்கென்று ஒரு இணையதளம் ஆரம்பித்தாள். எல்லாம் அவளே கட்டியவை. இன்றைக்குக் கேள்வி, நாளைக்கு விடை. 'தினம் ஒரு தோல் உரிப்பாங்க, ரத்தம் வராது. கடைசித் தோலும் உரிஞ்சா வீட்டுக்குப் புது ஆளு வருவான். யாரு?' மறுநாள் விடை: தினசரி காலண்டர். மஸ்கட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிள்ளைகள் 'விடுகதை அக்கா' என்று எழுதினார்கள். பிறகு ஒரு காலண்டர் கம்பெனி, நாளுக்கு ஒன்றாகத் தாளுக்கு அடியில் அச்சடிக்க ஒப்பந்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்துச் சாத்தூரில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்த வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் மருமகளைச் சிவகாசிக்கு அனுப்ப மாட்டார்கள். அவள் போனில் சொல்வது, நான் தளத்தில் ஏற்றுவது, கம்பெனியில் அவளுக்காக நான் கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. பவர் பத்திரம் எழுத விருதுநகருக்குப் பஸ் ஏறினோம்.

பத்திர எழுத்தருக்கு நிலம், வீடு என்று எழுதித்தான் பழக்கம்.

"சொத்து எங்கன இருக்கு?"

"இன்டர்நெட்ல இருக்குங்கய்யா," என்றாள் அக்கா.

"அது எந்தக் கிராமத்துல வருது?"

நான் விடுவேனா? "ஆமத்தூர் பக்கம்தாங்கய்யா. ஒரு டவர் நிக்கும் பாருங்க, அங்கன."

"அப்ப நாலு எல்லையும் சொல்லு. வடக்க என்ன?"

"வடக்க அமெரிக்கா. தெக்க எங்க வீட்டுக் கோழிக்கூடு."

'அமெரிக்காவுக்குத் தெற்கு' என்று அவர் எழுதியே விட்டார். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "ஏலே, வாயப் பொத்துலே. ஐயா, இவன் கெடக்கான். அத அடிச்சிருங்க."

அவர் முழுவதையும் வாசித்துக் காட்டியபோது நான் அவருடைய கண்ணாடியில் கட்டியிருந்த சணல் கயிற்றைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு மத்தியானங்களில் அக்காவின் போன் வரும். விடுகதையோடு வீட்டுச் செய்தியும் வரும். ஒருநாள் குசுகுசுவென்று சொன்னாள்.

"அத்தை அடுப்படியப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டுத் தூங்குறாகலே. நாலு மணிக்கு அவுக எந்திரிச்சாத்தான் எனக்குக் கஞ்சி. யார்ட்டயும் சொல்லிராத, என்ன?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆடியில் கம்பெனி முந்நூற்று அறுபத்தைந்தையும் கேட்டது. ஒன்று குறைந்தது. அந்த வாரம் பார்த்து அக்காவின் போன் இல்லை. பவர்தான் கையில் இருக்கிறதே என்று நானே ஒன்று கட்டிச் செருகிக் கையெழுத்துப் போட்டேன்: 'பூட்டு கதவுல தொங்கும், சாவி கட்டில்ல குறட்டை விடும். சாவி முழிச்சாத்தான் வயித்துக்குக் கஞ்சி. அது யாரு?'

புதுக் காலண்டரை மார்கழி நடுவில் நானே சாத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் நானே ஆணி அடித்து மாட்டினேன். அட்டையில் அக்காவின் பெயர் இருந்தது. "எம் மருமக பேரு அச்சுல வந்திருக்கு பாருங்க," என்று அத்தை பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் எழுதியது எந்தத் தேதியில் இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அது மாசியில் வந்தது. அங்கே தாள் கிழிக்கும் உரிமை அத்தைக்கு மட்டும்தான். அவர்களே சத்தமாக வாசித்தார்கள். வீடே அன்று முழுக்க விடை தேடியது. "நாயாத்தான் இருக்கும், காவலுக்குப் படுத்துக்கெடக்குமே," என்று அத்தையும் சொல்லிப் பார்த்தார்களாம். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அத்தை தாளைக் கிழித்தார்கள். விடை: மாமியார்.

"இது நீ கட்டுனதா தாயி?"

"ஆமா அத்தை. நான்தான்."

அத்தை கத்தவில்லை. இடுப்புச் சாவியைக் கழற்றி அக்காவின் முன்னால் வைத்தார்கள். இரண்டு நாள் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. இதெல்லாம் மச்சான் எனக்குப் போனில் சொன்னது. "ஒங்கக்கா இப்பிடிச் செய்வான்னு நான் நெனைக்கல மாப்ள," என்றார். உண்மை என் வாய்வரை வந்தது. அதற்குள் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

"நான் வந்து அத்தை கால்ல விழுந்து உண்மையச் சொல்லிர்றேங்க்கா."

"வந்திராத. வீட்டு விசயத்தத் தம்பிட்டச் சொல்லிச் சிரிச்சியான்னு இன்னொன்னு வரும்."

"அதுக்காக நீ ஏன் பழியத் தூக்குற?"

"பத்திரத்த எடுத்துப் படிலே. அன்னைக்குப் பல்லக் காட்டிக்கிட்டு இருந்தேல்ல."

டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'என் ஏஜெண்டு என் பொருட்டுச் செய்யும் சகல காரியங்களையும் நானே நேரில் செய்ததாக ஏற்றுச் சம்மதிக்கிறேன்.' கீழே அக்காவின் கையெழுத்து, பெருவிரல் ரேகை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவள் பசியைச் சொல்லியிருக்கிறாள். என் காதில் விழுந்தது விடுகதை. ஒரு பொட்டலம் முறுக்காவது வாங்கிக்கொண்டு சாத்தூருக்குப் போயிருக்கலாம். வாய்தான் முந்திக்கொண்டது.

பெரியவர்கள் பேசி முடித்தார்கள். இனி மருமகள் பெயரில் எதுவும் வெளியே வரக்கூடாது, பவரை ரத்துச் செய்துவிட வேண்டும். தளத்தை நான் முந்தின நாளே மூடியிருந்தேன். கடைசியாக வந்திருந்தது மஸ்கட் பிள்ளையின் கேள்வி: 'அக்கா, இன்னிக்கு ஏன் போடல?' பதில் எழுதத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

அதே பத்திர எழுத்தரிடம்தான் போனோம். அத்தை ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், நடுவில் அக்கா. மெலிந்திருந்தாள். நான் கதவோரம் நின்றேன். காரணம் என்ன போட என்று அவர் கேட்டார். "இனித் தேவைப்படலன்னு போடுங்க," என்றாள்.

எழுத்தரின் தலைக்கு மேலேயும் அந்தக் காலண்டர்தான் தொங்கியது. ஒப்பந்தம் போனாலும் அச்சடித்தது அச்சடித்ததுதான். டிசம்பர் வரைக்கும் ஊர் முழுக்க அவள் விடுகதையைத்தான் கிழித்துக்கொண்டிருப்பார்கள். அவர் எழுதி முடித்துவிட்டு, மேசையில் இருந்த முத்திரையை மை அட்டையில் ஒற்றியபடி நிமிர்ந்து பார்த்தார்.

"காலையிலருந்து மண்டையக் கொடையுது தாயி. 'மெத்தையில படுத்துக்கெடப்பான், எந்திரிச்சு ஒரு அடி அடிச்சா ஊரே நம்பும்.' படிச்ச பிள்ளையாத் தெரியுது, ஒனக்குத் தெரியுதா?"

போன தடவை இதே பெஞ்சில் காத்திருந்தபோது, அவர் கையைப் பார்த்து அவள் கட்டியது அது. என் காதில் அவள் விடையைச் சொல்ல, நான் வாய்விட்டுச் சிரித்திருந்தேன்.

அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா காலண்டரைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பைத்தான் பார்த்தாள்.

"தெரியலைங்கய்யா," என்றாள்.