வாயில் போட்ட பச்சரிசி

கொடைக்கானல் பல் மருத்துவர் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்து, "இதுல துப்புங்க, எச்சில் எவ்வளவு ஊறுதுன்னு பார்க்கணும்" என்றார். நாக்கை எப்படிப் புரட்டியும் ஒரு சொட்டு வரவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது பூம்பாறையில் அம்மாவுக்கு நீட்டிய வாழையிலைத் துண்டு நினைவுக்கு வந்தது. பூண்டுத் தோட்டத்தில் அவள் கூலிக்குப் போனாள். ஒரு மூட்டை காணாமல் போனதும், தோட்டக்காரர் பெண்களை நிறுத்தி ஆளுக்குக் கொஞ்சம் பச்சரிசி கொடுத்தார். மென்று இலையில் துப்ப வேண்டும். எடுத்தவளுக்குப் பயத்தில் எச்சில் ஊறாது, அரிசி உலர்ந்தே விழும் என்பது அங்கே நம்பிக்கை.

ராக்கம்மா அத்தை துப்பியது கூழாக விழுந்தது.

"ஊர்வம்பு பேசுற வாயி, அது எங்க வறளும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது அம்மாவின் முறை. அம்மா ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் சோற்றை விழுங்குவாள். பற்கள் கறுத்து உதிர்ந்துகொண்டிருந்தன.

அவள் வெகுநேரம் மென்றாள். இலையில் விழுந்தது வெறும் மாவு. காற்றில் அது பறந்தது.

"நான் எடுக்கலைங்கய்யா. என் வாயி எப்பவும் இப்படித்தான் கெடக்கு."

"அரிசி பொய் சொல்லாது. வெரசா ஊர விட்டுக் கெளம்பு" என்றார் தோட்டக்காரர்.

அன்று அம்மாவோடு நடக்கத் தொடங்கியவன் இன்னும் ஓர் ஊரில் நிலைக்கவில்லை.

"எச்சில்ல இருக்கிற என்சைம்தான் கிருமிய அழிச்சுப் பல்லக் காப்பாத்துது. உங்களுக்கு எச்சிலே ஊறல. வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார் பல் மருத்துவர்.

எங்கம்மாவுக்கு என்று சொல்லாமல் கிண்ணத்தை அவரிடமே நீட்டினேன். மருத்துவர் காலிக் கிண்ணத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கதவு எந்தப் பக்கம் என்று நான் பார்த்துக்கொண்டேன்.