மஞ்சள் கொழுப்பு

கசாப்புக்கடைக்காரன் பெண்டாட்டி மாட்டைக் கொழுக்க வைக்கக் கிளம்பினால் ஊர் சும்மா இருக்குமா? உத்திரமேரூர் போகும் சாலையில் எங்கள் கடை, ஞாயிறு மட்டும். ஏர் ஓட்டி, வண்டி இழுத்து ஓய்ந்த எருதுகளைத்தான் என் வீட்டுக்காரர் வாங்குவார். வாங்கிய வாரமே வெட்டிவிடுவார். உழைத்த உடம்பு, கறி முழுக்க நார். எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை என்று திட்டிவிட்டு ஆட்கள் கோழிக்கு மாறினார்கள். கடையை மூடிவிட்டு ஒரகடம் கம்பெனிக்கு மூட்டை தூக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு மாட்ட என்னாண்ட வுடு. மூணு மாசம். அப்பால நீ எங்க வேணா போ" என்றேன்.

எருதைக் கொல்லையில் கட்டினேன். அதற்கு வேலையே கிடையாது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலக்கி வைத்தேன். வைக்கோலைக் குறைத்து, ஏரிக்கரையிலிருந்து பச்சைப்புல் அறுத்து வந்து போட்டேன். "மாப்ளைக்கு நாஷ்டா ஆச்சா?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் மாட்டைக் காட்டிக் கேட்டார்கள். அதன் முதுகெலும்பு மறைய மறைய எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று மாதம் முடிந்து, அதை வெட்டும் ஞாயிறும் வந்தது. தொடைக்கறி எப்போதும்போல் சிவப்புதான். விலாவிலும் மார்பிலும் கொழுப்பு திட்டுத் திட்டாக, நல்ல மஞ்சளாக இருந்தது. முதலில் வந்த அக்கா மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாமே, மஞ்சளா கீது? நேத்து கறியா?"

பின்னால் நின்றவர்களும் பையை மடக்கினார்கள். வீட்டுக்காரர் என்னை முறைத்தார்.

"பச்சப்புல்லு துன்ன மாடுக்கா. வெறும் வைக்கோல் துன்னாதான் கொழுப்பு வெளுத்துக்கினு கெடக்கும்" என்றேன். யாரும் நம்பவில்லை.

ஓடிப்போய் அடுப்பையும் வாணலியையும் தூக்கி வந்தேன். விலாக்கறியைக் கொழுப்போடு மெல்லிசாக அரிந்து போட்டேன். உப்பு, மிளகாய்த்தூள், அவ்வளவுதான். எண்ணெய் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கொழுப்பு உருகி, அதிலேயே கறி பொரிந்தது. அக்கா ஒரு துண்டை வாயில் போட்டாள். இன்னொன்றையும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

"விலாலயே ரெண்டு கிலோ போடு" என்றாள்.

அப்புறம் ஒரே தள்ளுமுள்ளு. வெயில் ஏறுவதற்குள் கொக்கிகள் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அடுத்த வாரமும் இதே மாறிதானே?" என்று அக்கா கேட்டாள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இன்னொரு மூன்று மாதம் ஆகும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இருந்த பரபரப்பில் இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவர் கிளம்பிவிட்டார். ஒரகடத்துக்குத்தான் என்று நினைத்து நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் எலும்பும் தோலுமாக இரண்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்து, கொல்லையில் கட்டினார். அரிவாளைத் தேடி எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"அந்தப் புல்லு எங்க அறுத்த, வந்து காட்டு" என்றார்.