ரசத்தில் ஒரு சிட்டிகை

ரசத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்களா? நான் பட்டதில்லை... போன ஞாயிறு வரை.

எங்கள் தீவில், வண்டூரில் நண்பர் முருகேசன் வீட்டுப் புதுமனை புகுவிழா. என் மகள் நிலாவுக்கு சீலியாக் நோய் – கோதுமையிலுள்ள குளூட்டன் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். அதனால் முருகேசனின் மனைவி செல்வி, புதுப் பாத்திரத்தில் அவளுக்கென்று தனியாகச் சமைத்திருந்தார். சோறு, ரசம், பீன்ஸ் பொரியல். பூரி பொரித்த பக்கமே கரண்டி போகவில்லை. வேறென்ன வேண்டும்?

சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று நிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். வாந்தி. மறுபடியும் வாந்தி.

வயிறு சரியில்லை என்றால் நம் கை எங்கே போகும்? செல்வியின் சமையலறையில் புகுந்து, மோரில் உப்பும் பெருங்காயத்தூளும் போட்டு நீட்டினேன்.

டம்ளரைத் தள்ளினாள். "அப்பா, அந்த டப்பாவைத் திருப்பிப் படிங்க."

படித்தேன். கோதுமை மாவு!

எங்கள் வீட்டில் இருப்பது அரிசி மாவு கலந்த பெருங்காயம். அவள்தான் தேடிப் பிடித்து வாங்கி வைப்பாள். ஏன் என்று நான் கேட்டதேயில்லை. ரசத்தில் போன சிட்டிகை போதாதென்று, மருந்தென்று இன்னொன்றையும் நீட்டியிருக்கிறேன்!

செல்வி அழுதேவிட்டார். நிலா சுவரில் சாய்ந்தபடி அவர் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க. இவ்ளோ பார்த்துப் பார்த்து யார் செய்வாங்க?"

பையிலிருந்து ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்து, தண்ணீரில் கலக்கி, மிடறு மிடறாகக் குடித்தாள். "இதுக்கு மாத்து மருந்து இல்லப்பா. குடிச்ச தண்ணி வயித்துல நிக்கணும், தூங்கணும். நிக்கலேன்னா ஆஸ்பத்திரி. அவ்ளோதான்."

நான்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அண்ணா, மொதல்ல உங்களுக்குத்தான் குளுக்கோஸ் ஏத்தணும் போல" என்றார் முருகேசன்.

தண்ணீர் வயிற்றில் நின்றது. தூங்கினாள். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மெயின்லேண்டில் காலேஜ் சீட் கிடைத்திருக்கிறது அவளுக்கு. ஹாஸ்டல் சாப்பாட்டை நினைத்து, "போகக் கூடாது" என்று ஒரு மாதமாகப் பிடிவாதம் பிடித்தவன் நான். இவளையா? வலியின் நடுவிலும் அடுத்தவர் கண்ணீரைத் துடைக்கத் தெரிந்தவளையா? இந்தத் தைரியம் எப்போது, எங்கிருந்து வந்தது? என் கண்முன்னேதானே வளர்ந்தாள்!

நேற்று கப்பல் டிக்கெட் எடுத்தேன்.

"நான் போயிட்டா நீங்க எந்தப் பெருங்காயம் வேணா போட்டுக்கலாம்ப்பா" என்று சிரிக்கிறாள்.

போடமாட்டேன். லீவுக்கு அவள் வரப்போகும் வீடு இது.