பாபுவும் டெஸ்ட் எடுத்துக்கொண்டார்

இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை. கீழ் ஃப்ளாட் பாபு கதவைத் தட்டினார். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஃபர்னஸ் பக்கத்தில் நின்று இரும்பைக் காய்ச்சும் வேலை. முப்பத்து நாலு வயது. ஓயாமல் பேசுகிறவர், அன்று தயங்கித் தயங்கி நின்றார்.

“ணா... ஒரு லேப் வரைக்கும் போவணும். கூட வர்றீங்களா?”

“என்ன டெஸ்ட்?”

சுற்றுமுற்றும் பார்த்தார். “விந்து டெஸ்ட்ணா.”

பாபுவுக்கும் கவிதாவுக்கும் கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. கவிதாவுக்கு எடுக்காத ஸ்கேன் இல்லை, குத்தாத ஊசி இல்லை. எதிலும் ஒரு குறையும் தெரியவில்லை. பாபுவுக்கு? ஒரு டெஸ்ட்கூட இல்லை. நம் வீடுகளில் இதுதானே வழக்கம்? புதிதாகப் பார்த்த டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார் — “அவர் ரிப்போர்ட் வராம, இவங்களுக்கு இனி ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன்.”

கொரட்டூரிலிருந்து முகப்பேருக்கு பைக்கில் போனோம். லேபுக்குள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நுழைந்தார் பாபு!

அங்கே நசீமா என்று ஒரு டெக்னீஷியன். பூந்தமல்லிக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஹால் நிறைய ஆட்கள். டெஸ்ட் பெயரைச் சத்தமாகச் சொல்லாமல், பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். உறவு கொண்டு எத்தனை நாள் இடைவெளி? சமீபத்தில் காய்ச்சல் வந்ததா? என்ன வேலை? பிறகு மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, தனி அறையைக் காட்டினார்.

முக்கால் மணி நேரம் கழித்து பாபு வெளியே வந்தார்.

“எல்லாம் டப்பாவுலயே விழுந்துச்சா தம்பி? வெளியே எதுவும் போகலையே?” என்றார் நசீமா.

“இல்ல மேடம்.”

படி இறங்கினோம். பைக்கில் சாவியைப் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பொய் சொல்லிட்டேன்ணா. கை தவறி, பாதி கீழ போயிடுச்சு. ஒரு லேடிகிட்ட இத்த எப்பிடிணா சொல்றது?”

‘விடுங்க, யாருக்குத் தெரியப் போகுது’ என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது எனக்கு. நல்லவேளை... அதற்குள் அவரே திரும்பிப் படியேறிவிட்டார்.

நசீமா திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. “மொதல்ல வர்றதுலதான் அணுக்கள் அதிகம் இருக்கும் தம்பி. அது போயிட்டா நான் எண்ணுற எண்ணிக்கையே தப்பு. இல்லாத குறையை எழுதிக் கொடுத்திருப்பேன். வந்து சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. மூணு நாள் விட்டு வாங்க.”

நான் சும்மா இருப்பேனா? “இதையெல்லாம் மெஷின் பார்த்துக்காதா மேடம்?” என்றேன்.

“இங்க நான்தான் சார் மெஷின்.”

மைக்ரோஸ்கோப்பில் கட்டம் கட்டமாகக் கண்ணாலேயே எண்ணுகிறார். எத்தனை இருக்கின்றன, எத்தனை முன்னோக்கி நீந்துகின்றன, எத்தனைக்கு உருவம் சரி... எண்ணியதை மறுபடி எண்ணி, இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதுவாராம். “நான் அசந்தா, எங்கேயோ ஒரு பொண்ணு வீணா இன்னொரு ஊசி குத்திக்கணும் சார்.”

கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சொன்னபடி பாபு மறுபடி போனார். ரிப்போர்ட் வந்தது. எண்ணிக்கை குறைவு, வேகமும் குறைவு. ஃபர்னஸ் சூடுகூடக் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மருந்து எழுதினார். முடிந்தால் வேறு செக்‌ஷனுக்கு மாறச் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். பாபு மறுநாளே பேக்கிங் செக்‌ஷன் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறு அவர் வீட்டில் விருந்து. நானும் போயிருந்தேன். திருநின்றவூரிலிருந்து வந்த அவருடைய பெரியம்மா, வழக்கம்போல் கவிதாவைப் பிடித்துக்கொண்டார். “இன்னாம்மா, இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியா?”

கவிதா தலையைக் குனிந்துகொண்டார். பாபு சாப்பிடுவதை நிறுத்தினார்.

“அவளைக் கேக்காத பெரிம்மா. அவளுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் கீது. மருந்து சாப்ட்டுகினு கீறேன். இனிமே கேக்கறதுன்னா என்னைக் கேளு.”

பெரியம்மா குனிந்து தன் தட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

கவிதா நிமிர்ந்து கணவனைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெளிவான குரலில் கேட்டார் — “பெரிம்மா, இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுமா?”

பத்து பேர் நடுவில் அப்படிச் சொல்ல எத்தனை ஆண்களால் முடியும்? என்னால் முடிந்திருக்குமா?

நேற்று பாபுவுக்கு ஒரு போன். பெரியம்மாவின் சொந்த மகன். கல்யாணமாகி மூன்று வருஷம். மெதுவான குரலில் கேட்டாராம் — “டேய் பாபு... அந்த லேப் எங்க கீது?”