கண்ணாடியின் பதில்

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் சித்தி என்னென்ன செய்யக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்: சத்தமாகச் சிரிக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, பாடச் சொன்னால் சர்ச்சில் பாடுகிற பாமாலையை மெதுவாகப் பாட வேண்டும். ஏற்கெனவே வந்த இடமெல்லாம் ‘பொண்ணுக்குச் சத்தம் கூட’ என்று தட்டிப் போயிருந்தது. அருப்புக்கோட்டையில் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவள் வேறு எப்படிப் பேசுவாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

பெங்களூரில் வேலை பார்த்த மாமா ஒரு இங்கிலீஷ் கேசட் கொண்டுவந்திருந்தார். அட்டையில், இமைக்கு நீலச் சாயம் பூசி, வெள்ளி நிற பூட்ஸ் போட்ட ஓர் ஆம்பளை. அம்மா அதைக் குப்புறத் திருப்பி வைப்பாள். அதில் ஒரு பாட்டு சித்திக்கு உயிர். தற்பெருமை பிடித்த ராஜா ஒருவன் கண்ணாடியோடு சண்டை போடுகிற பாட்டு. ராஜாவுக்குக் கட்டைக்குரல், கண்ணாடிக்குக் கீச்சுக்குரல். இரண்டும் ஒரே ஆள். ‘என் முகத்தில் ஒரு குறை சொல், பார்க்கலாம்’ என்று ராஜா கேட்டதும் கிதார், டிரம்ஸ் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். பிறகு கண்ணாடி பணிவாகக் கேட்கும்: ‘எதிலிருந்து ஆரம்பிக்கட்டும், மன்னா?’ அந்த ஒரு வரிதான் என் பங்கு. அர்த்தத்தைச் சித்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். இங்கிலீஷை நான் மனப்பாடம் செய்திருந்தேன்.

மாமாவோடு வேலை பார்த்த மாப்பிள்ளை, பெற்றோருடன் சாயங்காலம் வருவதாகப் பேச்சு. அம்மா காராச்சேவு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். சித்தி கண்மையால் மீசை வரைந்து, சர்ச் நாடகத்துக் காகிதக் கிரீடத்தை வைத்துக்கொண்டாள். தறிச் சத்தத்துக்கு மேலே டேப் அலறியது. ராஜா கேள்வியைத் தொடங்கும்போது கரண்ட் போனது. தறி நின்றது, டேப் நின்றது, மின்விசிறி நின்றது. சித்தி மட்டும் நிற்கவில்லை. அமைதியாகிப்போன தெரு முழுக்கக் கேட்க, கட்டைக்குரலில் கேள்வியை முடித்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

என் முறை. ஆனால் அவளுக்குப் பின்னால் வாசலில், முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்ட மூன்று பேர் நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால் பொட்டலத்தோடு அம்மா. நான் வரியை விட்டுவிட்டு அவர்களையே பார்த்தேன்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, கீச்சுக்குரலில் கண்ணாடியின் வரியைப் பாடினார்.

சித்தி திரும்பிப் பார்த்தாள். மீசையோடு சிரித்தாள், அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்படி. அம்மா அவசரமாக, இவள் பாமாலை நன்றாகப் பாடுவாள் என்று ஆரம்பித்தாள்.

“பாமாலை இருக்கட்டும் தாயி,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “அந்த ராசா பாட்டுல மிச்சத்தையும் பாடு. ஏலே, நீயும் போய் நில்லு.”

அவர் போய் நின்றார், நான் நிற்கும் இடத்தில். நான் அடுப்படியில் போய் அழுதேன். சித்தி போய்விடுவாள் என்று அழுவதாக நினைத்து அம்மா கட்டிக்கொண்டாள்.

“என் வரிய அவுக எதுக்குப் பாடுனாக?”

அம்மாவும் சிரித்துவிட்டாள்.

அவர்கள் ஊர் திரும்பியதும் சித்தியின் எதிரே போய் நின்றேன், ராஜா கேள்வியைத் தொடங்கட்டும் என்று. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். வெறும் தெருதான்.