ஆளுக்கொரு சட்டி: காசிம் பாயும் அவர் கற்றாழையும்

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். காசிம் பாய் எனக்கு முந்திக்கொள்வார் என்றும், அந்தச் செய்தி நான் கற்பூரவல்லி கிள்ளிக்கொண்டிருக்கும்போது வரும் என்றும், சொந்த ஊரான கடையநல்லூரில்தான் அவரை அடக்குவார்கள் என்றும் என் மனைவி கோமுவிடம் சொல்லியிருக்கிறேன். அவளைக் கேட்டால் ஞாபகமில்லை என்பாள். பெரிய விஷயங்கள் அவள் ஞாபகத்தில் நிற்பதில்லை.

அப்படியேதான் நடந்தது. காலையில் செடியருகே நிற்கிறேன், போன் அடித்தது. "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க" என்றான் அவர் மகன் ஜமால். "தெரியும்லே மக்கா" என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, கையிலிருந்த இலையையெல்லாம் கசக்கி உருட்டி வைத்திருக்கிறேன். அடக்கம் முடிந்து ஊர் திரும்பும்வரை உள்ளங்கையை விட்டு அந்த வாசம் போகவில்லை.

வாப்பா நினைவாக ஜமால் ஒரு சிறு மலர் அச்சடித்துப் போடுகிறான். "நீங்கதான் மாமா எழுதணும்" என்றான். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் நான். கூட்டிப் பார்த்தால் அது பத்தாம் வகுப்புக்குச் சமம்.

சங்கரன்கோவிலில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். அந்தப் பக்கம் பாயின் கற்றாழை, இந்தப் பக்கம் என் கற்பூரவல்லி. எது ஒசத்தி என்பதுதான் எங்கள் வழக்கு. அரி பெரிதா அரன் பெரிதா என்று இரண்டு பாம்புகள் சண்டை போட்டு, சாமியே பாதி பாதியாக வந்து தீர்ப்புச் சொன்ன ஊர் இது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் வழக்கில்லாமல் குடியிருக்க முடியுமா?

பாய் பாதி வாழ்க்கையைத் துபாய் வெயிலில் கழித்தவர். திரும்பி வந்ததும் பெயிண்ட் டப்பாவில் ஓட்டை போட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்து, வெயில் கொளுத்துகிற மேற்குச் சுவரோரம் கற்றாழையை வைத்தார். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான். "கேக்காம குடுக்குதது தண்ணியா இருந்தாலும் தப்புதான் வே" என்பார். என் கற்பூரவல்லி வேறு சாதி. முருங்கை நிழலும் ஈரமும் கேட்கும். ஒரு கொம்பை ஒடித்துக் குத்தினால் வாரத்தில் வேர்விடும், நுனியைக் கிள்ளக் கிள்ளப் புதராகும். என்னுடையது மதிலைத் தாண்டி வளர்ந்து தெருவிளக்கை மறைத்தது. மின்வாரியத்திலிருந்து ஏணியோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மழைக்காலத்தில் ராயகிரி வரைக்கும் சனங்கள் மூச்சு விட்டது அந்தச் செடியால்தான்.

ஓர் ஆடித்தபசுத் திருவிழா சமயம் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. கோவிலில் ஒரே உடம்பில் ஒரு பாதி சங்கரன், மறுபாதி நாராயணன் என்று சாமி நிற்கிறார். செடி நிற்காதா? பெரிய சிமெண்டுத் தொட்டி வாங்கி, வலப்பக்கம் கற்றாழை, இடப்பக்கம் கற்பூரவல்லி என்று நட்டேன். ஊரே பார்க்க வந்தது. பாய் மதில்மேல் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"என்ன வே இது?"

"சங்கரநாராயணத் தொட்டி. வழக்கு முடிஞ்சிட்டு பாய்."

"தண்ணி ஊத்துவீரா, மாட்டீரா?"

அதை நான் யோசிக்கவில்லை. ஊற்றினேன். கற்பூரவல்லி சிரித்தது, கற்றாழை அடியில் கொழகொழவென்று அழுகியது. பயந்துபோய் நிறுத்தினேன். கற்பூரவல்லி இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றது. ஒரே மாதத்தில் இரண்டும் போயின. பாய் சிரிப்பாரென்று பார்த்தால், தன் டப்பாவிலிருந்து ஒரு கற்றாழைக் கன்றைப் பிரித்து, தனிச் சட்டியில் வைத்து மதில்மேல் நீட்டினார். "ஓருடம்பு ஒங்க சாமிக்குத்தான் ஆகும் வே. செடிக்கு ஆளுக்கொரு சட்டி வேணும்."

கோமு கையில் வடிகஞ்சி கொட்டிய அன்று மதிலே அதிரும்படி கத்தினாள். நான் கற்பூரவல்லி பறிக்க ஓடினேன். பாய் அந்தப் பக்கமிருந்து, "இல போடுத நேரமா வே இது? மொதல்ல கைய பச்சத் தண்ணியில வைக்கச் சொல்லும்" என்று சத்தம் போட்டார். பிறகு ஒரு மடலை ஒடித்து, வெட்டுவாயைக் கீழே பார்த்துச் சாய்த்து மஞ்சள் பால் வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளிருந்த வழுவழுச் சோற்றை நாலு தண்ணீரில் அலசிக் கொடுத்தார். அந்தப் பாலை அலசாமல் தடவினால் அரிப்பெடுக்கும் என்பது அவர் சட்டம். பூசியதும் கோமு, "அண்ணாச்சி, குளுகுளுன்னு இருக்கு" என்றாள். என் வீட்டிலேயே என் கட்சிக்கு ஓட்டு விழவில்லை.

ஆனால் ஐப்பசி மழையில் அவர் இருமினால் கற்றாழை எட்டிக்கூடப் பார்க்காது. அப்போது என் செடிதான். நாலைந்து இலையைக் கொதிக்கவைத்துத் தேன்விட்டு டம்ளரை மதில்மேல் வைப்பேன். எதிர்க்கட்சிச் சரக்கு என்பதால் முதுகைக் காட்டி நின்று குடிப்பார்.

"இருமல் எங்க பாய்?"

"அது காலையிலேயே ராஜபாளையம் பஸ் ஏறிட்டு வே. ஒம்ம இலையாலன்னு நெனச்சிராதீரும்."

பக்கத்து வீட்டிலிருந்த இருபது வருடமும் இப்படித்தான். அவர் செடியை நான் பயன்படுத்தினேன், என் செடியை அவர் பயன்படுத்தினார். ஒத்துக்கொள்ள மட்டும் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

கடைசியாக அவரைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூக்கில் குழாய். அப்போதுதான் அவர் என் கையைப் பிடித்து, "கற்பூரவல்லிதான் ஒசத்தி, நான் தோத்துட்டேன் வே" என்றார். நர்ஸம்மா இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்கு வந்தவர்கள் இதை என் வாயாலேயே கேட்டிருப்பீர்கள்.

கேட்டவர்களில் ஜமாலும் ஒருவன். மறுநாளே என் செடியிலிருந்து நாலு கொம்பு வாங்கிப்போய், கடையநல்லூரில் வாப்பாவின் கபர்மேல் நட்டுவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். அங்கே மருந்துக்குக்கூட நிழலில்லை. இலையெல்லாம் சுருண்டு மஞ்சளாகிக் கிடந்தது. ஜமால் சாயங்காலம் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். துபாயிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். பயணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டானாம்.

"இது பிழைக்காதுலே, நீ பொறப்படு" என்றேன்.

"வாப்பா கடைசியா பேர் சொன்ன செடிலா மாமா. வேர் புடிச்சுட்டுன்னா போயிருவேன்."

அவன் ஊற்றிய தண்ணீரை மண் அந்தக் கணமே குடித்துவிட்டது. நான் பஸ் ஏறினேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை, அவன் கேட்ட இந்த மலரிலேயே எழுதிவிடுகிறேன்.

ஜமால், அந்தக் கொம்புகளைப் பிடுங்கிவிடு. வாப்பாவின் டப்பாவிலிருந்து ஒரு கற்றாழைக் கன்றை அங்கே வை. வைத்த அன்று ஒரு கை தண்ணீர் தெளி. பிறகு நிம்மதியாக விமானம் ஏறு. அந்த வெயிலுக்குப் பிறந்த செடி அது. உன் வாப்பாவைப்போல.

மதில்மேல் அவர் எனக்கு நீட்டிய அந்தச் சட்டி என் வீட்டில் இருக்கிறது. சும்மா இருக்கவேண்டிய நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்று ஒரு வித்தை உண்டு. அதை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். வாய்க்கு மட்டும் அது இன்னும் படியவில்லை. நாற்பதாம் நாள் ஆளாளுக்கு அவர் சொன்னதாக ஒன்றைச் சொன்னார்கள். என்னிடமும் ஒரு கடைசி வார்த்தை இருக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது.

இந்த மலரில் மற்றதெல்லாம் நிஜம். தெருவிளக்கு உட்பட. அந்த ஒன்று மட்டும் நான் இட்டுக்கட்டியது. காசிம் பாய் தோற்கவில்லை. மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது வேறு: "நான் வர்ற வரைக்கும் என் செடிக்குத் தண்ணி ஊத்திராதீரும் வே."

ஊற்றவில்லை, பாய்.